அண்ணை காலடியால் அளந்த கோட்டை

எங்கள் அண்ணை இல்லாமல் ஓர் ஆண்டு போய்விட்டது. அவருடைய நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன்.

அண்ணை மன்னாரில் பிறந்தவர். அப்பா இறந்தபின் படிப்பை நிறுத்தி, தச்சுவேலை செய்து என்னைப் படிக்கவைத்தார். பிறகு கனடாவின் மொன்றியலுக்கு வந்து, அங்கே லாசால் பகுதியில் கதவு, யன்னல் செய்யும் தொழிற்சாலையில் கடைசிவரை உழைத்தார். ஞாயிறு பூசைக்கு அவர் பிந்தியதில்லை. ஊரில் இருந்த காலத்தில் இராணுவம் அவரைப் பிடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வாரம் அடைத்து வைத்திருந்தது. அதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததேயில்லை.

நோயுறுவதற்கு முந்திய கோடையில், அமெரிக்காவில், அட்லாண்டாவில் நடந்த உறவினர் திருமணத்துக்கு என்னையும் என் இரு பிள்ளைகளையும் அவரே காரில் கூட்டிச் சென்றார். வழியில் கோட்டை என்று ஒரு பெயர்ப்பலகை. மன்னார்க் கோட்டையைப் போலக் கல்மதிலை எதிர்பார்த்து இறங்கினோம். இருந்தது புல்வெளியும் ஓர் அறிவிப்பும்தான்.

“மாமா, கோட்டையை ஆரோ களவெடுத்துப் போட்டினம்!” என்று மகள் சிரித்தாள்.

அறிவிப்பை நான் வாசித்துச் சொன்னேன். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், அந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களைச் சொந்த நிலத்திலிருந்து துரத்தி மேற்கே அனுப்புமுன், படையினர் அவர்களை நூற்றுக்கணக்கில் பிடித்துவந்து அடைத்த மரக்கோட்டை அது. சில மாதங்களே இருந்தது. வேலை முடிந்ததும் கைவிட்டுவிட்டார்கள்.

“ஓம் பிள்ளை, ஆக்களையும் சேத்துத்தான் களவெடுத்தவை,” என்றார் அண்ணை.

பிறகு புல்லில் நடந்து, அறிவிப்பில் இருந்த நீள அகலத்தைக் காலடியால் அளந்துவிட்டு வந்தார்.

“இதுக்குள்ள ஒருத்தரும் காலை நீட்டிப் படுத்திருக்கேலாது, தங்கச்சி. நாங்களும் வகுப்பறையில முறை வைச்சுத்தான் படுத்தனாங்கள். எனக்குப் பக்கத்தில ஒருத்தர் இருந்தவர்…”

எனக்கோ பிள்ளைகளின் சாப்பாடு, திருமணத்துக்கு நேரமாகிறதே என்ற பதற்றம். “அண்ணை, பிள்ளையளுக்குப் பசிக்குது. பேந்து கதைப்பம்,” என்றேன்.

“ஓம், ஓம். வா, போவம்.” கார்த் திறப்பை எடுத்துக் காரைக் கிளப்பினார்.

பிறகு கேட்கலாம் என்று நான் தள்ளிவைத்த அந்தப் ‘பேந்து’ வரவில்லை. பக்கவாதம் முதலில் பறித்தது அவருடைய பேச்சைத்தான். ஆஸ்பத்திரியில், “ஆர் அண்ணை, பக்கத்தில இருந்தவர்?” என்று கேட்டேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அந்தக் கோட்டைக்கு ஓர் அறிவிப்பாவது இருக்கிறது. அண்ணையை அடைத்த இடத்தில் இன்று பள்ளிக்கூட மணி அடிக்கிறது. வேறு அடையாளம் எதுவும் இல்லை.

முறை வைத்து அவருடைய கட்டிலருகே இருந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், வந்து செபித்த பங்குத்தந்தைக்கும், என் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்த அயலவர்களுக்கும் என் நன்றி.

இந்த மலர் கை மாறி, அந்த வகுப்பறையில் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் சேருமானால், ஐயா, தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேட்பேன். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை எழும்ப மாட்டேன்.