ஒரு மனு, ஒரு துறை

சட்டமன்ற மனுக்கள் குழு கிருஷ்ணகிரிக்கு வந்த அன்று, கலெக்டர் ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அவர். சூளகிரிப் பக்கத்து விவசாயி. வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். மனு மடங்கிவிடக் கூடாதென்று பழைய காலண்டர் அட்டைமேல் வைத்து இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

மேஜையில் இருந்த ஊழியர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “போர் தண்ணி கெட்டது ஒரு துறை. மாட்டுக்கு நோவு இன்னொரு துறை. வீட்டம்மா கிட்னி வேற துறை. ஒரு மனுவுல ஒரு துறைதான் வரணும் பெரியவரே. தனித்தனியா எழுதி, அஞ்சஞ்சு காப்பி கொண்டாங்க.”

“மூணுக்கும் காரணம் அந்தக் கம்பெனி விடுற கழிவுத் தண்ணி ஒண்ணுதானுங்க சார்.”

“விதி அப்படிங்க.”

எனக்குத்தான் கோபம் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. என் மனுவை வாங்க வேண்டுமே. எழுதித் தர ஆள் தேடிப் போனவர் திரும்புவதற்குள் குழு கிளம்பிவிட்டது.

அடுத்த முறை குழு வந்தபோதும் அதே அட்டையோடு நின்றார். என்னை அடையாளம் கண்டு, ஐந்து நகல்களையும் காட்டினார்.

“இந்த வாட்டி சரியா எழுதியிருக்கேனுங்க. மாடும் போயிடுச்சு, அவளும் போயிட்டா. இப்ப தண்ணி மட்டுந்தான். ஒரே துறை.”

அன்று எந்தக் குறையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.