கொடைக்கானல் ஏரியில் ராயபுரம் ஸ்டெல்லா

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கொடைக்கானல் ஏரிக்கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம், குழந்தைகளை இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனது.

கத்தாமல் என்ன செய்வது? ஏரியில் ஐந்து பாய்மரப் படகுகள். அதில் ஒன்று எங்களுடையது. அதுவும் கடைசியில்!

போன வாரம் இந்தப் பக்கம் ஏன் காலி என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு இதுதான் பதில். "தொண்டை போனால் பேச்சுதானே போகும், எழுத என்ன கேடு?" என்றார் ஆசிரியர். நியாயம்தான். ஆனால், விஷயம் முழுசாக முடியட்டும் என்று காத்திருந்தேன்.

அருளப்பன் எங்கள் எண்ணூர்த் தொழிற்சாலையில் வெல்டர். (நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரியும்.) ராயபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கட்டுமரத்தில் அப்பாவோடு கடலுக்குப் போய் வளர்ந்தவர். எங்கள் தொழிற்சாலை மன்றத்தில் இரண்டு சின்னப் பாய்மரப் படகுகள் உண்டு. இரண்டு பேர் உட்காரலாம். பெரிய பாய் ஒன்று, முன்பக்கம் சின்னப் பாய் ஒன்று. அதிகாரிகள் ஞாயிறுதோறும் எண்ணூர் முகத்துவாரத்தில் ஓட்டுவதற்காக வாங்கினார்கள். வாங்கியவர்கள் மாற்றலாகிப் போனார்கள். படகுகள் ஷெட்டில் தூங்கின. கிழிந்த பாயைத் தைத்து, ஓட்டையை அடைத்து, அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது அருளப்பன். ஓட்டத்தான் அவருக்கு அனுமதி இல்லை!

ஒருநாள் மன்றச் செயலாளர், படகுகளை விற்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார். அருளப்பன் நேரே போய் அவர் முன்னால் நின்றார்.

"சார், கொடைக்கானல்ல படகு ரேஸு வெக்கிறாங்க. வருஷா வருஷம் நமக்கு லெட்டர் வருது. நான் போறேன். மொத மூணு எடத்துல வந்தா படகை விக்கக் கூடாது. லேபருங்களும் ஓட்டலாம்னு எழுதிக் குடுக்கணும். வரலைன்னா வித்துக்க சார்."

செயலாளர் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஏன் சிரிக்க மாட்டார்?

துணைக்கு ஒரு ஆள் வேண்டுமே... என்னைத் தேர்ந்தெடுத்தார். திறமையைப் பார்த்து அல்ல — எடையைப் பார்த்து. "நீ காத்தடிச்சா பறக்கற ஆளு சார். படகுக்கு பாரமே தெரியாது."

மூன்று மாதம் முகத்துவாரத்தில் பயிற்சி. நான் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயின் கயிற்றைப் பிடிக்க வேண்டும். படகு சாயும்போது எதிர்ப்பக்கம் சாய வேண்டும். அருளப்பன் பின்னால் சுக்கானோடும் பெரிய பாயின் கயிற்றோடும். எண்ணூரில் காற்றைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தையா? தொழிற்சாலைப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும்.

படகை முன்னாலேயே லாரியில் அனுப்பிவிட்டு நாங்கள் புறப்படும்போது, அருளப்பன் மனைவி ஸ்டெல்லாவும் கூட வந்தார். ராயபுரம் கடற்கரையில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, திருவொற்றியூர்த் தெருக்களில் விற்பவர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். மலையைப் பார்த்ததே இல்லை. பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

வத்தலகுண்டு தாண்டி பஸ் மலை ஏறியது. முதல் வளைவில் ஸ்டெல்லா "ஐயோ, மேகம் கீழ கீது!" என்று குதித்தார். மூன்றாவது வளைவில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். மேலே போய்ச் சேரும் வரை உள்ளே எடுக்கவில்லை.

ஏழாயிரம் அடி உயரம். மூச்சு பாதிதான் வருகிறது. மறுநாள் காலையில் எழுந்து நின்றால் தரை சுற்றுகிறது. டாக்டர் வந்தார். "படகா? கட்டிலை விட்டு இறங்காதீர்கள்" என்றார். கரை வரைக்கும் போகலாமா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் வேண்டாம் என்பாரே!

ஏரிக்கரைப் படிக்கட்டில் அருளப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகில் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். போட்டிக்கு இன்னும் அரைமணி நேரம்.

"நான் குந்தறேன்" என்றார் ஸ்டெல்லா.

"நீயா? இன்னாமே பேசற? பொம்பள கால் வெச்சா மீன் படாதுன்னு நம்ம தெருவுல கட்டுமரத்தைத் தொடவே உட மாட்டாங்க..."

"இங்க நீ மீனா புடிக்கப் போற?"

 போட்டி நடத்தியவர் ஒரு பெரியவர், தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இரண்டு நபர் என்றுதான் போட்டிருக்கிறது. நீங்கள் நபர்தானே அம்மா?" என்றார்.

என் ஸ்வெட்டரைக் கழற்றி ஸ்டெல்லாவிடம் கொடுத்து, சின்னப் பாயின் கயிற்றைப் பிடிப்பதையும் எதிர்ப்பக்கம் சாய்வதையும் செய்து காட்டினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜபமாலையைக் கழுத்துக்குள் விட்டுக்கொண்டு ஏறினார். கால் வைத்ததும் படகு ஆடியது. விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஏரியில் கையை விட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

விசில் ஊதியது. சிவப்பு மிதவைகள் மூன்று. அவற்றை இரண்டு முறை சுற்றி வர வேண்டும்.

முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது, இது எண்ணூர் இல்லை என்று. கடல் காற்று ஒரு பக்கத்திலிருந்து வந்தால் மதியம் வரை அங்கிருந்தே வரும். இங்கே ஒரு நிமிஷம் இந்தக் குன்றிலிருந்து, அடுத்த நிமிஷம் அந்தப் பள்ளத்திலிருந்து. நடுவில் சுத்தமாக நின்றுவிடும். எங்கள் படகின் பாய் ஈரத் துணி மாதிரித் தொங்கியது.

தண்ணீரின் மேல் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் தெரியுமா? அவர்கள் பேசியது கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"இன்னா காத்துமே இது! வர வழியும் தெரியல, போற வழியும் தெரியல. ஒரு பொகைபோக்கிகூட இல்ல!"

"யோவ், மரத்தாண்ட பாரு. தண்ணி கருக்குது. காத்து அங்க எறங்குது. அங்க போ."

"சும்மா குந்து. நான் கடல்ல பொறந்தவன்."

"இது கடலா? நாக்குல வெச்சுப் பாரு, உப்பு கீதா?"

கரை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அடுத்த நிமிஷமே, அந்த மரங்களின் பக்கம் இருந்த இரண்டு படகுகள் பாய் புடைத்துப் பறந்தன. நாங்கள் கடைசி. நான் கத்த ஆரம்பித்தது அப்போதுதான். "அருளப்பா, அவங்க சொல்றதைக் கேளுய்யா!"

என் குரல் கேட்டதோ, இல்லை அவருக்கே உறைத்ததோ... இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில் அந்தக் கேள்வி வந்தது.

"சரி, சொல்லு. எங்க போவணும்?"

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஸ்டெல்லாவின் கை நீளும். படகு அந்தப் பக்கம் திரும்பும். ஒரு கறுத்த திட்டிலிருந்து இன்னொரு கறுத்த திட்டுக்கு, காற்று வந்து இறங்கும் இடத்தில் சரியாகப் போய் நின்றது எங்கள் படகு. ஒன்றைத் தாண்டியது. நாலாவது! கடைசி மிதவைக்குப் போவதற்குள் இன்னொன்றை நெருங்கிவிட்டது.

அங்கேதான் மலைச்சரிவிலிருந்து காற்று கொட்டியது. ஆமாம், கொட்டியது. இரண்டாவதாகப் போன படகு அப்படியே கவிழ்ந்தது. இரண்டு இளைஞர்கள் பனிக்கட்டித் தண்ணீரில். காப்பாற்றும் துடுப்புப் படகு அவர்களை நோக்கி விரைந்தது. எங்கள் படகும் சாய்கிறது... பாயின் நுனி தண்ணீரைத் தொடுகிறது...

ஸ்டெல்லா படகுக்குள் இருந்த பட்டையில் கால்களை மாட்டிக்கொண்டு, உடம்பை முழுசாக வெளியே சாய்த்தார். முதுகு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே! மூன்று மாதப் பயிற்சியில் நான் ஒரு தடவைகூடத் துணியாத காரியம்.

"கயித்த உட்றாதயா!"

"உட மாட்டேன்! நீ புடிச்சிக்கோ!"

படகு நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் அம்பு மாதிரிப் பாய்ந்தது. பக்கத்தில் போன படகைத் தாண்டி, முதல் படகை எட்டிப் பிடித்து... அரைப் படகு நீளத்தில் முதலிடம் கைநழுவிப் போயிற்று. இரண்டாவது! நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. தள்ளிப் போன அந்தக் குடும்பம் திரும்பி வந்து கைதட்டியது மட்டும் ஞாபகமிருக்கிறது.

பெரியவர் நோட்டை எடுத்தார். "படகு ஓட்டியவர் பெயர்?"

"அவ பேரை எழுதுங்க சார். நான் சுக்கான் புடிச்சேன், அவ்ளோதான்" என்றார் அருளப்பன்.

"சும்மா இருயா. நீ கயித்த உட்டிருந்தா இப்ப நான் தண்ணிக்குள்ள கீறேன்" என்றார் ஸ்டெல்லா, பல் நடுங்க.

பெரியவர் இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதினார்.

சூடாக டீ வாங்கிக் கொடுத்து, இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"எங்க கத்துக்கறது சார்? நைனா வர லேட்டானா கரையில நிப்போம். பொம்பளைங்களுக்கு அதான வேலை. எங்க கருக்குது, எங்க வெளுக்குதுன்னு தண்ணியவே பாத்துகினு இருப்போம். அத்தப் பாத்தா, பாய் எந்தப் பக்கம் தெரியும்னு சொல்லிடலாம்." டீயை ஒரு வாய் குடித்தார். "ஒரு தபா நைனா பாய் தெரியல சார். அப்பால தெரியவே இல்ல."

அருளப்பன் என் கம்பளியை இழுத்து அவர் தோளில் போட்டார்.

கடலுக்குப் போனவர்களிடம்தான் நாம் எப்போதும் காற்றைப் பற்றிக் கேட்கிறோம். கரையில் நின்றவர்களிடம் யாராவது கேட்டிருக்கிறோமா?

தெருவுக்குத் தெரியக் கூடாது என்று ரயில் முழுக்க ஸ்டெல்லா எங்களிடம் சத்தியம் வாங்கினார். ராயபுரம் வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே, கோயில் வாசலில் நின்று கைகால் ஆட்டி, முழுக் கதையையும் தெருவுக்குச் சொன்னவர் அருளப்பன். சில ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்களாம். பெண்கள் ஒருவரும் போகவில்லையாம்.

செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அனுமதிக் கடிதத்தை டைப் அடித்தது நான். 'தொழிலாளர்கள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'மற்றும் குடும்பத்தினர்' என்பது எப்படியோ விழுந்துவிட்டது. அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போன ஞாயிறு முகத்துவாரத்துக்குப் போனேன். கரையில் ஆறு காலி மீன்கூடைகள். அவற்றுக்குக் காவலாக அருளப்பன். படகு அப்போதுதான் கரைக்கு வந்தது. சுக்கானில் ஸ்டெல்லா. ஒரு பெண் இறங்க, காத்திருந்தவர்களில் இன்னொரு பெண் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார்.

மூன்று மாதம் பயிற்சி எடுத்த உரிமையில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.

"சார்," என்றார் ஸ்டெல்லா, "லைன்ல வா."