தொட்டிலுக்குப் பின்னிய பொன்கிளிகள்

ராக்காயி கையில் அகப்பட்ட தாள் தாளாக இருக்காது. தேயிலை உறையோ பட்டாசு உறையோ, பட்டை பட்டையாகக் கிழித்து விசிறியாகவோ பெட்டியாகவோ பின்னிவிடுவாள். வேலைக்கு நடுவே அதில்தான் அவளுக்குச் சந்தோஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் மலாயாவில், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் புருஷன் காய்ச்சலில் போனான். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. சுங்கை சிப்புட் கடைவீதியில் மளிகை வைத்திருந்த ஆ லான் என்ற சீனப் பெண்தான் பின்கட்டில் இடம் கொடுத்து அவளை வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஆ லானுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அது தூங்கியதெல்லாம் ராக்காயி மடியில்தான். பிள்ளை பெறக் கொடுத்துவைக்காத அவளுக்கு அதைத் தூக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துபோகும்.

குழந்தைக்கு ஒரு மாதம் நிறையும் விருந்துக்குத் தொட்டிலில் கிளி கட்ட ஆசைப்பட்டாள். ஊரில் பனையோலையில் பின்னுவது. இங்கே பனைக்கு எங்கே போவது? சாமான் வாங்க ஈப்போ போன மாட்டுவண்டியில் தானும் தொற்றிக்கொண்டாள். அங்கே ஒரு சீனக் கடையில் பொன் பூசிய தாள் கட்டுக்கட்டாக இருந்தது. யாருக்கு என்று கடைக்காரக் கிழவர் மலாயில் கேட்டார். பச்சைக் குழந்தைக்கு என்றாள். கிழவர் முகம் வாடிப்போய், காசு வாங்காமல் இன்னொரு கட்டும் சேர்த்துக் கொடுத்தார். புண்ணியவான் என்று கும்பிட்டுவிட்டு வந்தாள் பைத்தியக்காரி.

விருந்து நாள் காலையில், சிவப்புச் சாயமிட்ட முட்டைத் தட்டோடு வந்த ஆ லான் தொட்டிலுக்கு மேலே ஆடிய பொன்கிளிகளைப் பார்த்தாள். தட்டு கீழே விழுந்தது. பிள்ளையை வாரிக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவை அடைத்தாள்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஈப்போ வண்டிக்காரர் ஐயாவுவிடம் ஓடினாள் ராக்காயி. "அண்ணே, நான் என்ன பண்ணேன்?"

"அது சீனவங்க செத்தவங்களுக்கு எரிக்கிற தாளுலா தங்கச்சி. உன் புள்ள செத்துப்போச்சுன்னு அந்தக் கிழவன் நெனச்சிருப்பான். எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அன்று சாயங்காலமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மழைக்காலத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் வராது? அதை ராக்காயிக்கு யார் சொல்வது? அடைத்த கதவுக்கு வெளியே சோறு தண்ணீர் இல்லாமல், தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக் கிடந்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆ லான் அவளைத் திட்டவில்லை, போகச் சொல்லவுமில்லை. சில நாள் முகம் கொடுக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். பிறகு ஒரு காலை கடையில் கூட்டம் நெருக்க, பழையபடி பிள்ளையை அவளிடம் நீட்டினாள்.

ராக்காயி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா. இந்தக் கை வேணாம்."

ஆ லானுக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய பிள்ளையோடு அப்படியே நின்றாள்.