நான்கு பேர் டாங்கியும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸும்

எழுபத்திரண்டு ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம், ஜவ்வாது மலைக்குப் போனேன். மலைக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. என் அண்ணன் மாணிக்கம் மேற்கு எல்லையில் டாங்கி ஓட்டுகிறவன். சண்டை நின்று ஒரு மாதமாகியும் அவனிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டு ரேடியோவை அணைக்க அம்மா யாரையும் விடுவதில்லை. சினிமாப் பாட்டு ஓடினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

மலைக்குப் புளி வாங்கப் போய்வந்த வியாபாரி ஒருவர் கடைத்தெருவில் என்னை நிறுத்திச் சொன்னார்: “உங்கண்ணனோட இருந்தானே வெள்ளையன், மலைக்காரப் பையன், அவன் கையில கட்டோட வூடு வந்துக்கிறாம்மா.” வேறு விவரம் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளையன் அண்ணனின் டாங்கியில் பீரங்கிக்குக் குண்டு நிரப்புகிறவர். ஒரு டாங்கிக்குள் நான்கு பேர். ஒருவருக்கு நடப்பதுதான் பெரும்பாலும் நான்கு பேருக்கும் நடக்கும். அதில் ஒருவர் காயத்தோடு திரும்பியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கோ ஒரு சொல்கூட வரவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாமல், பள்ளிக்கூட வேலையாகப் போளூர் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கண்ணமங்கலத்திலிருந்து போளூருக்கு விடிகாலை பஸ் உண்டு, தொண்ணூறு காசு. அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு எட்டு மணிக்கு ஒன்று புறப்படுகிறது. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒரு ரூபாய் அறுபது காசு. தலைசுற்றும் உடம்புக்காரர்கள் முன் இருக்கையில் உட்காருவது நல்லது. வளைவுகளில் பின்னால் இருப்பவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுகிறார்கள். ஸ்வெட்டர் அவசியம். நான் எடுத்துப் போகவில்லை.

அண்ணன் படையில் சேர்ந்ததிலிருந்து, கிடைக்கும் போர்ப் புத்தகங்களையெல்லாம் படித்துவருகிறேன். வீரக்கதைகளாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க, அவை தொழிற்சாலைகளின் கதைகளாக மாறின. பாலைவனத்திலும் பனியிலும் மோதிக்கொண்ட டாங்கிகளில் எது சிறந்தது என்பதைவிட, உடைந்த டாங்கிக்கு மாற்று எத்தனை சீக்கிரம் வந்தது என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது. உருக்காலையும் ரயில் பாதையும் உள்ள நாடு தோற்றாலும் மறுபடி எழுந்து வருகிறது. நாமும் சென்னைக்குப் பக்கத்தில் டாங்கி செய்ய ஆரம்பித்துவிட்டோம் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அண்ணன் ஓட்டுவது கப்பலில் வந்த பழைய டாங்கி. ஒரு பல்சக்கரம் உடைந்தாலும் கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்று விடுமுறையில் வந்தபோது சொல்லியிருக்கிறான்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதே பாதி மலையில் பஸ் நின்றது. இன்ஜினிலிருந்து புகை. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, அறுந்த பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

“ஒரு பெல்ட்டு ஸ்பேர் வெச்சிக்க மாட்டியாய்யா?” என்று பலாக்கன்று மூட்டையோடு வந்த பெரியவர் சத்தம் போட்டார்.

“வெச்சிருந்தேனே. இப்ப அறுந்துதே, அதான் அந்த ஸ்பேரு.”

எல்லோரும் சிரித்தார்கள். “இந்த லட்சணத்துல நாம சண்டைல வேற ஜெயிச்சிட்டோம்” என்றார் கண்டக்டர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ரப்பர் பட்டை இல்லாமல் ஐம்பது பேர் காட்டில் நிற்கிறோம். இப்படி ஏதோ ஒன்று இல்லாமல் ஒரு வயல்வெளியில் நின்றுபோன டாங்கிக்குள் அண்ணன் இருந்திருந்தால்? அசையாத டாங்கியை எதிரி சுலபமாகச் சுடலாம் என்றும் அதே புத்தகங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன. கீழேயிருந்து ஏறி வந்த லாரிக்காரர் ஒரு பழைய பெல்ட்டைக் கொடுக்கும்வரை, சாலையோரக் கல்லில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜமுனாமரத்தூரில் இறங்கி விசாரித்தேன். வெள்ளையன் வீட்டுக்குச் சாமைக் கொல்லைகள் வழியாக இரண்டு மைல் ஒற்றையடிப் பாதை. அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். “அண்ணன் எப்படி இருக்கிறான்?” என்றா, “இருக்கிறானா?” என்றா?

புளியமரத்தடியில் ஒரு பெண் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வலது கையில் கட்டோடு நின்றவர் என்னைப் பார்த்தார். விடுமுறைக்கு வந்தபோது அண்ணனோடு ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டவர், அடையாளம் தெரிந்துவிட்டது. நான் சிரிக்க முயன்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பார்வை என்னைத் தாண்டிப் பாதையில் போய், பின்னால் வேறு யாரும் வரவில்லை என்று கண்டு திரும்பியது.

“தங்கச்சி… மாணிக்கத்துக்கு இன்னா ஆச்சு?”

நான் கேட்க வந்த கேள்வி அது. அவர் கேட்டதும் “ஐயோ அண்ணா!” என்று அலறிவிட்டேன். அந்தப் பெண், அவர் மனைவி முனியம்மா, ஓடிவந்து என்னைப் பிடித்தாள்.

“எனக்கு எதுவும் தெரியாதுங்க. உங்களக் கேக்கத்தான் வந்தேன்” என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முனியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தம்மா வூட்டுக்குப் போய்ட்டு வான்னு எத்தினி தபா சொன்னேன்? போ மாட்டேன்னுட்டு, இப்ப நீயே பயப்பட்டா இன்னா அர்த்தம்?”

அவர் போகாததற்குக் காரணம் இருந்தது. அந்த நால்வரும் தங்களுக்குள் ஒரு முடிவு செய்திருந்தார்களாம்: ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் தனியாகப் போகக் கூடாது. தனியாகப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மற்றவன் உயிரோடு இல்லை. “கட்டோட ஒத்தையா வந்து உங்க வாசல்ல நின்னா உங்கம்மா இன்னா நெனப்பாங்க? அவனும் லீவுல வரட்டும், சேர்ந்து போலாம்னு இருந்தேன்.” ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கி ஆலங்காயம் பக்கமாக மலையேறியதால் அவருக்கு எங்கள் ஊர் வழியில் வரவும் இல்லை. யாராவது ஒருவர் கார்டாவது போட்டிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. “அவன் போட்டிருப்பான்னு நெனச்சேன்” என்றார். எழுதுகிற விரல்கள் கட்டுக்குள் இருந்தன.

அந்தக் காயத்துக்குப் பின்னால் வீரக்கதை எதுவும் இல்லை. டாங்கியின் இரும்பு மூடி விழுந்து விரல்கள் நசுங்கியிருக்கின்றன. சண்டை தொடங்கிய மூன்றாம் நாளே கரும்புக்காட்டில் அவர்கள் டாங்கியின் கியர்பெட்டி உடைந்துவிட்டது. மற்ற டாங்கிகள் அவர்களை விட்டுவிட்டு முன்னேறின. “போனதுல ரெண்டு எரிஞ்சிடுச்சி தங்கச்சி. எங்களுக்கு முன்னாடி போய்ட்டிருந்த வண்டிங்க.” எரிந்த ஒன்றிலிருந்து கியர்பெட்டியைக் கழற்றி இதில் மாட்டலாமா என்று மெக்கானிக்குகள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். “வண்டிய விட்டுட்டு டிரைவர் நவுரக் கூடாது. கிறிஸ்மஸ் கழிச்சி நான் கெளம்பறப்போ மாணிக்கம் அதும்மேல குந்திக்கினு டீ குடிச்சிக்கினு இருந்தான். அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது.”

உதிரிபாகம் உடனே கிடைக்கும் நாடே வெல்லும் என்று நம்பியவள் நான். அந்தப் புளியமரத்தடியில், அண்ணனுக்கு அது கிடைக்காமல் போனதற்காக மகிழ்ந்தேன். அடுத்த நொடியே, எரிந்த இரண்டு டாங்கிகளில் இருந்த எட்டுப் பேருக்கும் வீடு உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அந்த வீடுகளுக்குத் தனியாக யார் போனார்களோ. எல்லையில் இரண்டு படைகளும் இன்னும் எதிரெதிரே நிற்கின்றன. கியர்பெட்டி சீக்கிரம் வரட்டும் என்று என்னால் வேண்ட முடியவில்லை, வரக் கூடாது என்றும் வேண்ட முடியவில்லை.

மதியம் மூன்று மணிக்குக் கீழே போகும் பஸ்ஸில் வெள்ளையனும் முனியம்மாவும் என்னோடு வந்தார்கள். “ஒத்தையா இல்லியே, மூணு பேரு” என்று அவர் இரண்டு முறை சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. கண்ணமங்கலத்தில் எங்கள் தெருமுனை திரும்பும் முன்பே, யாரும் பார்க்காதபோதே, முழுத்தொண்டையில் கத்தினார்: “யம்மா! மாணிக்கம் நல்லா கீறான்! வண்டிதான் ரிப்பேரு!”

வீட்டுக்குள் ரேடியோ சத்தம் நின்றது.

இதை எழுதும் இன்றுவரை கார்டு வரவில்லை. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நின்றுபோகலாம், தின்ன ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கடைசி பஸ் மூன்று மணிக்கு. வழியில் பட்டாளத்துக்காரர் வீடு ஏதாவது இருந்து, அங்கே போக வேண்டிவந்தால், இரண்டு பேராகப் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால், வாசல் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டு போங்கள்.