பாதிக் கூரை

சுமத்ராக் காற்று என்கிற சூறைக்காற்று அடித்து, பொங்கோல் கிராமத்தில் ஐந்தாறு வீடுகளின் அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிய்த்து எறிந்துவிட்டது. அதில் ஒரு வீடு எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு வயதுக் குழந்தை. பக்கத்துச் சீனர் பண்ணையில் கோழித்தீவனம் வைக்கும் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார்கள் என்று சாமியார் பூசையில் சொன்னார். பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே எங்கள் சபைத் தலைவர் அறிவித்துவிட்டார், வருகிற சனிக்கிழமை தகரக் கூரை போட்டுத் தருகிறோம் என்று. அவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. பேனாவைத் தவிர வேறு எதையும் அவர் கையில் நான் பார்த்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. ஆற்றோரத்தில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் சமைக்க வரலாம் என்றார்கள். சமையல் எனக்கு வராது. ஆனாலும் ஃபேரர் பார்க்கில் லாரி வந்து நின்றதும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டேன். நல்லது செய்யப் போகிறோம் என்ற மிதப்பு எல்லோருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

போய் இறங்கியதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விழுந்த ஓலை விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஒடிந்த மரங்கள் வாசலை மறித்துக் கிடந்தன. காற்றடித்துப் பத்து நாளாகியும் ஒரு குச்சியைக்கூட யாரும் எடுத்துப் போடவில்லை. இப்படியும் ஒரு சோம்பேறித்தனமா என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படியே சொன்னேன். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு கோப்பி கலக்கப் போனாள்.

கோப்பி வந்தது. குடித்து முடித்தால் இன்னொரு கோப்பி வந்தது. ஏணியை எடுத்தால், குழந்தை தூங்குகிறது, சத்தம் வேண்டாம் என்றாள். பிறகு, வெயில் தாழட்டுமே என்றாள். புருஷன் எங்களோடு மரம் தூக்கினான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தூக்கினான். பத்து மணி வாக்கில், இருந்த இரண்டு சுத்தியலில் ஒன்றைக் காணவில்லை. அரிசி களைய நான் எடுத்த பானைக்குள் அது துணியில் சுற்றி இருந்தது. திருடுகிறாளா? கொடுக்க வந்தவர்களிடம் எதற்குத் திருட வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுத்தியலோடு கிணற்றடிக்குப் போய் அவளிடம் கேட்டேன். அவள் அழவில்லை, மழுப்பவும் இல்லை.

"திங்கக்கிழமை கவர்மெண்ட் வீட்டு ஆபீசர் வர்றாருக்கா. கூரை இல்லாத வீட்டைத்தான் எழுதிட்டுப் போவாராம். எழுதிட்டா எங்களுக்கு ஃபிளாட் கிடைக்கும். வீட்டுக்குள்ளயே குழாய்த் தண்ணி வரும். பாதியோட நிறுத்தச் சொல்லுங்கக்கா."

ஏன் வந்ததுமே சொல்லவில்லை என்று கேட்டேன். லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கின பிறகு எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

தலைவரைப் போய்க் கூப்பிட்டேன். ஏணியிலிருந்து இறங்கி வந்து பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தகரம் இருக்கு, ஆள் இருக்கு. போடாம விட்டுட்டு, கூரை இல்லன்னு ஆபீசருக்குக் காட்டினா அது பொய் இல்லையாம்மா? அதுக்குக் கோயில் துணை போகலாமா?"

தீவனத் தூசியில் குழந்தை இருமுவது கேட்டது. அதற்கு இன்றைக்கே கூரை வேண்டாமா என்று தோன்றியது. ஃபிளாட் எப்போது வருமோ, வராமலே போகுமோ. அவள் சொன்னதும் சரியாக இருந்தது, அவர் சொன்னதும் சரியாக இருந்தது. கையிலிருந்த சுத்தியலை அவரிடம் நீட்டினேன். கிணற்றடியிலிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குள் கூரை ஏறிவிட்டது. நிலைவாசலுக்கு மேல் ஒரு மரச் சிலுவையை அடித்து, ஜெபம் சொல்லி, எல்லோரும் வீட்டின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். போட்டோவில் அவள் மட்டும் வேறெங்கோ பார்க்கிறாள்.

ஞாயிறு பூசை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாமியார் எங்களைப் பாராட்டிப் பேசினார். குழந்தை நனையாது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை, தலைவலி என்று பொய் சொல்லி அரைநாள் லீவு போட்டேன். ஆபீசரைப் பார்த்து நடந்ததை எடுத்துச் சொன்னால் எப்படியாவது எழுதிக்கொள்வார் என்று ஒரு நப்பாசை. பஸ்ஸை விட்டு இறங்கி, சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்து போய்ப் பார்த்தால், வீட்டுக்குக் கூரை இல்லை.

தகரங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒழுங்காக அடுக்கப்பட்டு, சாக்குப் போட்டு மூடப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அந்த மழையிலேயே புருஷன் கழற்றியிருக்கிறான். ஆபீசர் காலையிலேயே வந்து பெயர் எழுதிக்கொண்டு போய்விட்டாராம். சிலுவை எங்களிடமே இருக்கட்டும், ஃபிளாட்டில் மாட்டிக்கொள்கிறோம் என்றாள். ஒரு பால் டின்னை மட்டும் என் கையில் கொடுத்தாள். பிடுங்கிய ஆணிகள். ஒவ்வொன்றையும் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள்.

"நல்ல கூரைக்கா. ஒரு சொட்டு ஒழுகல. அதான் பயமா போச்சு, இதுலயே இருந்துடுவோமோன்னு."

சுத்தியலைக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கோப்பி கலக்கப் போய்விட்டாள்.

நான் பொங்கோலுக்குப் போய்வந்தது எப்படியோ தலைவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் என்னை நிறுத்தி, கூரை எப்படி இருக்கிறது என்று கேட்டார். முகமெல்லாம் ஆவலாக இருந்தது.

"நல்ல கூரை. ஒரு சொட்டு ஒழுகல" என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என் கோபம், பொறாமை, தலைவலி லீவு எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. இதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. தலைவரிடம் பொய் சொன்னதைச் சொல்வதா, அவர் கையில் சுத்தியலைக் கொடுத்ததைச் சொல்வதா என்று முழங்கால் போட்ட பிறகு குழம்பிப்போகிறது.