ஷூ ரேக்கில் ஓடிய கப்பல்

அவளுக்குச் சுரங்கக்காரி என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். டாக்சி ஓட்டுகிற மனிதர், வாய் சும்மா இருக்காது. "என் பொண்டாட்டி வீட்டுக்குள்ளயே சுரங்கம் வெட்டறா" என்று ஏறுகிற சவாரியிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தபால்காரர்கூட, "சுரங்கக்காரி அம்மா, ஒரு கையெழுத்து போடுங்க" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பகலெல்லாம் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர், சாயந்திரம் வந்தால் மைனிங். இதில் கோபப்பட நேரம் ஏது?

மைனிங் என்றதும் கடப்பாரை, மண்வெட்டி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கிரிப்டோ என்று ஒரு காசு. கையில் தொட முடியாது, கண்ணால் பார்க்க முடியாது. அதை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சரிபார்க்க, உலகம் பூராவும் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போடுகிறவர்களுக்கு அதே காசில் துளித்துளியாகக் கூலி. அதற்குத் தோதானது கிராபிக்ஸ் கார்டு. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் துப்பாக்கி சுட்டு விளையாடுவதற்காகச் செய்த சாமான்தான். கெட்டுப்போனது, விசிறி உடைந்தது என்று யாரோ தூக்கிப் போட்ட ஆறு கார்டுகளை அவள் வாங்கி வந்து, பிரித்து, துடைத்து, சூடு தணிக்கிற பசை தடவி, உயிர் கொடுத்து, வீட்டில் கிடந்த இரும்பு ஷூ ரேக்கில் வரிசையாகப் பொருத்திவிட்டாள். செருப்பெல்லாம் வாசலுக்குப் போயிற்று.

ரேக் இருந்தது பக்கத்து அறையில். முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்த இடம். காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிற சந்துப் பக்கம் தனியாக ஒரு கதவு உண்டு, சந்து வழியாகச் சுற்றி வந்தால் வாசல் கதவு. அத்தனை விசிறியும் சேர்ந்து சுற்றினால் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். சூடோ, கேட்கவே வேண்டாம். ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். அவள் உள்ளே போகும்போது வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் அவள் அப்பா வந்து சேர்ந்தார்.

அப்பா கப்பலில் என்ஜின் அறை ஆள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடலில். லீவில் வருவார், ஒரு பெட்டி நிறைய சாமான் கொண்டுவருவார், முகம் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். சின்ன வயதில் அவர் வருகிற சத்தம் கேட்டால் அவள் வாசல் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். வெட்கம். அவர் கிளம்புகிற அன்றும் அதே கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். அது வெட்கம் இல்லை. அழுவது தெரியக்கூடாது. அவர் ஒரு தடவைகூட, "எங்கே இவள்?" என்று தேடியதில்லை. அது அவளுக்கு உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பெண்ணைவிட என்ஜின் பெரிதாகப் போயிற்று மனிதருக்கு என்று முடிவு கட்டிவிட்டாள். நாற்பது தாண்டிய பிறகும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் சாவி, கண்ணாடி. அப்புறம் நாள், கிழமை. அப்புறம் பெண். காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தால், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி நர்சம்மா" என்பார்.

"நர்ஸ் இல்லப்பா, நான்தான்."

"தெரியும், தெரியும். நல்ல பொண்ணு நீங்க."

பெற்ற மகளை நீங்க என்கிற அந்த மரியாதை இருக்கிறதே, அதற்குப் பதிலாக அவர் இரண்டு அறை அறைந்திருக்கலாம். இந்த மனிதர் ஒரே ஒரு தடவை தன்னை அடையாளம் கண்டு கூப்பிட்டுவிட மாட்டாரா என்று அவள் ஏங்கினாள். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

சாயந்திரம் ஆனால் அப்பா குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பார். பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, சோப்பு. "கப்பலுக்கு நேரமாச்சு" என்று கேட்டைத் திறப்பார். ஒரு நாள் அவள் கண் அசந்த நேரத்தில் போயே போய்விட்டார். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவள் தெருத் தெருவாக அலைய, வீட்டுக்காரர்தான் பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தார். கிளம்பாத பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, "நங்கூரம் எப்போ தூக்குவீங்க?" என்று டிரைவரைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்துக்கற இல்லம் இருக்கு. கேட் பூட்டியிருக்கும், பயமில்ல. நான் தள்ளிவிடச் சொல்லல. நாளைக்கு லாரியில கீரியில அடிபட்டுட்டா?" என்றார். அவள் எழுந்து போய், அப்பாவின் பையிலிருந்த சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

அடுத்த சில நாளில் ஒரு சாயந்திரம், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அப்பா பக்கத்து அறைக் கதவருகில் நின்றுவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கதவைத் தள்ளினார். சூடு முகத்தில் அடித்தது. அட, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தேடித் தேடி அலுத்தவருக்கு வீடு கிடைத்தது மாதிரி. பையைக் கீழே வைத்தார். ரேக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து சாயந்திரமானால் அப்பா கேட் பக்கமே போகவில்லை. ரேக்குக்கு முன்னால்தான். தூசி துடைப்பார், விசிறிகளைப் பார்ப்பார், சும்மா உட்கார்ந்திருப்பார். வந்த பிரச்சினை ஒன்றே ஒன்று. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். கப்பலில் வேலை நேரத்துக்கு வாட்ச் என்று பெயர். மாற்று ஆள் வந்து ஒப்புக்கொள்ளாமல் வாட்சை விட்டு நகரக் கூடாதாம். "ஆள் வரலியே நர்சம்மா. என்ஜினை அநாதையா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?" என்று அவளையே கோபித்துக்கொண்டார்.

"இவ்வளவுதானே, விடு" என்று வீட்டுக்காரர் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு விறைப்பாகப் போய் நின்றார். "மாத்து ஆள் வந்திருக்கேன் சார்!"

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். புரட்டிப் பார்த்தார். "இது என்ஜின்ல வேலை பார்த்த கை இல்ல. மேல போய் சமையல்கட்டுல கேளு, வெங்காயம் உரிக்க ஆள் வேணும்னாங்க."

வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் ஒரு கார்டைக் கழற்றிச் சுத்தம் பண்ணிவிட்டு நின்றாள். தலையில் துண்டு, பழைய சட்டை, விரலெல்லாம் சாம்பல் நிறப் பசை, சால்டரிங் கம்பி சுட்ட பழைய தழும்பு. அப்பாவின் கண் அந்த விரல்களில் போய் நின்றது.

"வா தம்பி. ஏன் லேட்டு?"

நர்சம்மாவிலிருந்து தம்பிக்குப் பதவி உயர்வு என்று வீட்டுக்காரர் அப்புறம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவள் சட்டென்று முன்னால் போய் நின்றாள். அப்பா துடைக்கிற துணியை அவள் கையில் வைத்து, "எல்லாம் சரியா ஓடுது. மூணாவது மட்டும் கொஞ்சம் சூடு, பார்த்துக்க" என்று ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அப்புறம் தினமும் இதேதான். ஒப்படைக்கும்போது இரண்டு வார்த்தை பேசுவார். கடல் எப்படி, சாப்பாடு எவ்வளவு மோசம் என்று. ஒரு நாள் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"தம்பிக்குக் குழந்தை உண்டா?"

"இல்லைங்க."

"எனக்கு ஒரு பொண்ணு. நான் வந்தாலும் சரி, கிளம்பினாலும் சரி, கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவா. நான் பார்க்கலன்னு நினைச்சுக்கறா. கீழ பார்த்தா கால் விரல் தெரியும்." அவராகவே சிரித்தார். "கூப்பிட்டா இன்னும் வெட்கப்படுவா. தானா வரட்டும்னு விட்டுடுவேன். அவ பழகி வர்றதுக்குள்ள லீவு முடிஞ்சு போயிடும் தம்பி. இப்பத் தோணுது, கூப்பிட்டிருக்கலாம்."

அவள் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டாள். "என்ன தம்பி, புகையா?" என்றார். ஆமாம் என்றாள். நாற்பது வருஷமாகப் பிடித்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்றே அவளுக்குத் தெரியவில்லை. அப்பா, நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் மாற்று ஆளும் இல்லாமல் போய்விடுவாளோ என்று பயந்து மூடிக்கொண்டாள்.

நல்லது நடந்தால் நாலு நாள் நிலைக்க விடுமா? அந்தக் காசை நடத்துகிறவர்கள் திடீரென்று விதியை மாற்றிவிட்டார்கள். இனிமேல் சரிபார்க்கக் கார்டு வேண்டாம், காசு வைத்திருக்கிறவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று. மைனிங் பண்ணியவர்களெல்லாம் கார்டுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவள் மட்டும் ஏதோ சில்லறைக் காசு ஒன்றை வெட்டிக்கொண்டு ரேக்கை ஓடவிட்டாள். கரண்ட் பில்லுக்குக்கூடக் காணாது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மனசு, ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வீட்டு ஒயர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் கருகல் வாடை. போய்ப் பார்த்தால் சுவரில் பிளக் மெழுகாக உருகி வழிந்திருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த ரூம் சுவத்துக்குள்ள இருக்கற ஒயர் பூரா வெந்து கிடக்கு. இதை ஓட்டினீங்கன்னா வீடு பத்திக்கும்மா. அதுவும் உள்ள ஒரு பெரியவரை உட்கார வெச்சுக்கிட்டு!"

அவள் உடனே அந்த அறைக்குப் போகிற மெயினை அணைத்தாள். சாயந்திரம் அப்பா உள்ளே போனார். இரைச்சல் இல்லை, சூடு இல்லை. அவர் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. "என்ஜின் நின்னுடுச்சு! நடுக்கடல்ல நின்னுடுச்சு!" ரேக்கை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "கரைக்கு எப்படித் தம்பி போறது? வீட்ல காத்துக்கிட்டிருப்பாங்களே!" வேறு வழியில்லாமல் ஹாலில் இருந்து ஒயர் இழுத்து இரண்டே இரண்டு கார்டை ஓட்டினாள். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. இரண்டு நாள் இப்படி ஓட்டலாம், அதற்கு மேல்? பூட்டிய கேட்டும் இல்லமும் அவள் கண் முன்னால் வந்து நின்றன.

மறுநாள் வாட்ச் ஒப்புக்கொள்ளும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "ஏன் சார், என்ஜினை நிறுத்தவே மாட்டாங்களா?"

"ஏன் மாட்டாங்க? துறைமுகத்துல கப்பலைக் கட்டினதும் மேலேருந்து சொல்லுவாங்க. கட்டியாச்சு, என்ஜின் போதும்னு." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. "அந்தச் சத்தம் அடங்கும் பாரு, அதைவிடச் சுகம் உலகத்துல கிடையாது தம்பி."

அட, இவ்வளவுதானா! அவள் அன்றே வீட்டுக்காரரைப் பிடித்தாள். வெங்காயம் உரிக்க அனுப்பப்பட்ட மனிதருக்கு இப்போது பெரிய வேடம். மறுநாள் சாயந்திரம் அவர் டாக்சியில் உட்கார்ந்துகொண்டு போன் பண்ண, ஸ்பீக்கரில் போட்ட போனை அவள் ரேக்கின் மேல் வைத்தாள். மனிதர் விளையாடவே இல்லை. குரல் கனத்து, நிதானமாக வந்தது. "மேல்தளம் பேசுறேன். கப்பலைக் கட்டியாச்சு. என்ஜின் போதும்."

அப்பா எழுந்து நின்றார். "சரிங்க சார்." அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஒரு சுவிட்சைத் தட்டினாள். இன்னொன்றை அவரே தட்டினார். விசிறிகள் தளர்ந்து, தளர்ந்து, நின்றன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் உள்ளங்கையை ரேக்கில் வைத்து, சூடு ஆறுகிற வரைக்கும் எடுக்கவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினார்.

"வரேன் தம்பி. நல்லா வேலை பார்த்தே. வீட்டுக்குப் போகணும்."

சந்துப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை! வீட்டுக்காரர் டாக்சியிலிருந்து பாய்ந்து கேட்டை மறித்து நின்றார். அப்பா கேட் பக்கம் திரும்பக்கூட இல்லை. சந்தைச் சுற்றி வந்து, படி ஏறி, வாசல் கதவைத் தட்டினார்.

அவள் உள் வழியாக ஓடி வந்து, தலைத் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. திறந்ததும் அவள் அதன் பின்னால்தான் நின்றாள். வெளியே வரக் கால் எழவில்லை.

அப்பா உள்ளே வந்து பையை வைத்தார். செருப்பைக் கழற்றினார். சுற்றும்முற்றும் தேடவில்லை. கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"பாப்பா" என்றார். "அப்பா வந்துட்டேன். வெளிய வா."

அவள் வந்தாள்.