ஸ்டெல்லாவின் ஏழு நாள் லீவு

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. புனே விமான் நகரில் ஏழாவது மாடியில் வீடு வாங்கியவன் எப்பேர்ப்பட்ட மேதாவி என்று என் முழங்கால்கள் ஒவ்வொரு படியிலும் எனக்கு எடுத்துச் சொல்லின. கீழே வந்தால் வெள்ளைப் பலகையில் அறிவிப்பு: 'ரிப்பேர், டென்டேட்டிவ், வெள்ளிக்கிழமை.' அப்போதுதான் எழுதியிருக்கிறார்கள். மார்க்கர் வாசனை மூக்கில் ஏறியது, கூடவே கோபமும் ஏறியது. அந்த டென்டேட்டிவை மட்டும் கட்டைவிரலால் அழித்தேன். பேரன் எடுக்கிற வயசில் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். காவலாளியும் அதைத்தான் பார்வையால் கேட்டார்.

அந்த வாசனை என்னை நேராக ஹிஞ்சேவாடிக்குக் கொண்டுபோய்விட்டது. இரண்டாயிரத்துச் சொச்சம். சாஃப்ட்வேர் கம்பெனி வண்டியில் ஒரு மணி நேரம் தூங்கி, மீட்டிங் அறையில் மீதித் தூக்கத்தைத் தூங்கிய காலம். டீம் லீட் என்று கார்டில் போட்டிருந்தது. பார்த்த வேலை, எக்செல்லில் கட்டங்களுக்கு வர்ணம் அடிப்பது. யார் எதை என்றைக்கு முடிப்பார், யாருக்கு என்றைக்கு லீவு, எல்லாம் கட்டம். உறுதியானது பச்சை, டென்டேட்டிவ், அதாவது மாறினாலும் மாறலாம் என்றால் மஞ்சள். பத்துக்கு ஒன்பது மஞ்சளாக இருக்கும். அதற்குப் பெயர் ப்ராஜெக்ட் பிளான்.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பாதி சார். என்ன சொன்னாலும் பாதியாக்குவார். "ஆறு நாளா? மூணுல முடி." அதனால் மூன்று நாள் வேலைக்கு நாங்கள் ஆறு சொல்வோம். நாங்கள் கூட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். இந்தப் பொய்க்கு பஃபர் என்று கௌரவமான பெயர். பிளான் பொய்த்துப்போனால் யாரும் பொய்த்தது என்று சொல்லமாட்டார்கள். 'ரிவைஸ்டு பிளான்' என்று ஒரு மெயில் வரும், அவ்வளவுதான். இந்த வார்த்தைகளை எல்லாரையும்விடச் சரளமாகப் பேசியவன் நான். இன்கிரிமென்ட்டே அதற்குத்தான் கொடுத்தார்களோ என்னவோ.

கூட்டிச் சொல்லத் தெரியாத ஒரே ஆள் ஸ்டெல்லா. டெஸ்டிங் பார்த்த பெண். இங்கே கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவள், தாத்தா காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம்.

"எத்தனை நாளாகும் ஸ்டெல்லா?"

"நாலு நாள்ணா."

"ஆறுன்னு சொல்லேம்மா, அந்த ஆள் பாதியாக்குவான்."

"அரே, நாலு நாள் வேலைக்கு எதுக்குண்ணா ஆறு? பாக்கி ரெண்டு நாள் சும்மா உக்காந்து டைம்பாஸ் பண்ணவா?"

பாதி சார் அதை இரண்டாக்குவார். அவள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்து நாலு நாள் வேலையை முடித்துவிட்டுப் போவாள். நாங்கள் சிரிப்போம்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சனிக்கிழமை, மாதா கோயிலில் பூசை. புதன் முதல் அடுத்த செவ்வாய் வரை ஏழு நாள் லீவு கேட்டாள். நான் கட்டத்துக்கு மஞ்சள் அடித்தேன். ஏன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். பொறாமையில்லை, விரோதமில்லை. ஏழு என்று கேட்டால் நாலு போதும் என்று அர்த்தம், அந்த ஆபீஸில் எல்லாருக்கும் அப்படித்தான். விரல் தானாக மஞ்சளுக்குப் போனது.

மஞ்சளைப் பார்த்த பாதி சார் கல்யாணத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை கிளையண்ட்டுக்கு ரிலீஸ் வைத்தார், லீவு சனிக்கிழமையிலிருந்துதான் என்று தள்ளினார். அவளுக்குத் தெரிந்தது செவ்வாய் மாலை. நேராக என் மேசைக்கு வந்தாள்.

"மஞ்சள் யாருண்ணா போட்டது?"

"நான்தான். சும்மா, எல்லாருக்கும் போடுறாப்ல..."

"மூணு ஞாயித்துக்கெழமை கோயில்ல எங்க கல்யாண ஓலை வாசிச்சாங்கண்ணா. அத்தனை ஜனத்துக்கு முன்னாடி. அது டென்டேட்டிவா?"

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து பாதி சாரின் அறைக்குப் போய், தப்பு என்னுடையது, அவள் ஏழு என்றால் ஏழுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். இருபது அடி தூரம். நான் ஜோக் அடித்தேன். "மாப்பிள்ளையை அடுத்த ரிலீஸ்ல சேத்துக்கலாமா?" பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி என் கீபோர்டின் மேல் வைத்தாள். நாலு வருஷ வேலை.

"நான் எப்பவாச்சும் கூட்டிச் சொல்லியிருக்கேனாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதிலுக்கு நிற்கவில்லை. 

மறுநாள் புதன். மதியம் கிளையண்ட்டிடமிருந்து மெயில்: ரிலீஸ் இரண்டு வாரம் தள்ளிவைப்பு. பாதி சார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "ரிவைஸ்டு பிளான் போட்டுடு" என்றார். போட்டேன்.  அந்த ஆள் மேல் வருகிற கோபத்தில் முக்கால்வாசி, அன்றைக்கு ஒழுங்காக வர்ணம் அடித்துக்கொண்டிருந்த என்மேல்தான்.

கல்யாணத்துக்குப் போனேன். வெட்கமில்லாமல் பிரியாணியும் சாப்பிட்டேன். கை குலுக்கப் போனபோது மாப்பிள்ளையிடம், "இவருதான் மஞ்சள் அண்ணா" என்றாள், சிரித்துக்கொண்டே. மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதையாக வணக்கம் சொன்னார். அதற்குப் பதில் அவள் என் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

அவள் திரும்பி வரவேயில்லை. அவள் இடத்துக்குப் புதிதாக ஒருவன் வந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். முதல் நாள் அவனிடம் கேட்டேன், "இதுக்கு எத்தனை நாளாகும்?"

"உங்களுக்கு எத்தனை நாள் வேணும் சார்?" என்றான்.

அதற்கப்புறம் எத்தனையோ கம்பெனி மாறிவிட்டேன். வேறு பதிலை நான் கேட்டதில்லை.